சோத்தோ: ஊருக்கு ஊர் முகம் மாறும் இந்தோனேசிய சூப்

இந்தோனேசிய உணவு என்றவுடன் வெளிநாட்டாருக்கு முதலில் நினைவுக்கு வருபவை நாசி கோரெங் என்னும் வறுத்த சோறும், குச்சியில் கோத்துச் சுட்ட சாத்தேயும்தான். ஆனால் ஜாவாவின் எந்த நகரத்திலும் விடியற்காலையில் தெருவோரக் கடைகளைப் பார்த்தால், ஆவி பறக்கும் பெரிய பானையின் முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கடை பெரும்பாலும் சோத்தோ கடையாகவே இருக்கும். 2018இல் இந்தோனேசியச் சுற்றுலா அமைச்சகம் ஐந்து உணவுகளை நாட்டின் தேசிய உணவுகளாக அறிவித்தபோது, ரெண்டாங், சாத்தே, நாசி கோரெங், காடோ காடோ ஆகியவற்றுடன் சோத்தோவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

புதிதாக அறிய வருபவரைச் சோத்தோ சற்றுக் குழப்பும். லாமோங்கானில் அது மஞ்சள் நிறத்தில் தெளிவாக இருக்கும். ஜகார்த்தாவில் பால் கலந்து வெளுத்திருக்கும். மக்காசாரில் நிலக்கடலை அரைத்துச் சேர்ந்து பழுப்பாகத் திரண்டிருக்கும். ஓரிடத்தில் கோழி, இன்னோரிடத்தில் மாடு, மற்றோரிடத்தில் எருமை. யோக்யகார்த்தாவின் காஜா மாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உணவியல் ஆய்வாளர்கள் 75 வகைச் சோத்தோக்களைத் தொகுத்திருக்கிறார்கள். இத்தனையையும் ஒரே பெயரால் அழைக்க முடிவதற்குக் காரணம், அவை அனைத்தும் ஒரே முறையில் கட்டப்படுகின்றன என்பதுதான். அந்த முறையைப் புரிந்துகொண்டால், முன்பின் அறியாத ஓர் ஊரின் சோத்தோவையும் கிண்ணத்தைப் பார்த்தே ஓரளவு படித்துவிடலாம்.

கிண்ணம் எப்படிக் கட்டப்படுகிறது

சோத்தோவின் அடிப்படை, கறியையோ எலும்பையோ மெல்லிய தீயில் நெடுநேரம் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு. கோழிச் சோத்தோவுக்கு நாட்டுக்கோழியையே சமைப்பவர்கள் விரும்புகிறார்கள். வளர்ப்புப் பண்ணைக் கோழி விரைவில் வெந்துவிடுவதால், சாற்றில் சுவை இறங்குவதற்குள் கறி நைந்து போகிறது. கொதிக்கும்போது மேலே திரளும் நுரையை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். தீயைக் கூட்டினால் சாறு கலங்கிவிடும் என்பதால், தெளிந்த சோத்தோவுக்குப் பெயர்பெற்ற ஊர்களில் இந்த ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் காட்டுகிறார்கள்.

இந்தச் சாறு தனியே கொதித்துக்கொண்டிருக்க, மறுபுறம் மசாலா அரைபடுகிறது. இந்தோனேசியர்கள் இதைப் பும்பு என்கிறார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், இஞ்சி, கொத்தமல்லி விதை, மிளகு, இவற்றுடன் கெமிரி என்னும் எண்ணெய்ச் சத்து மிக்க ஒரு கொட்டை ஆகியவற்றை அம்மியில் விழுதாக அரைத்து, எண்ணெயில் பச்சை வாசனை போகும்வரை வதக்குவார்கள். கெமிரியைப் பச்சையாக உண்ணக் கூடாது, வயிற்றைக் கெடுத்துவிடும்; வதக்குவதும் பின்னர் கொதிக்கவைப்பதும் அந்தக் குறையைப் போக்குகின்றன. வதங்கிய விழுதில் நசுக்கிய எலுமிச்சைப்புல், அரத்தை, வாசனை மிக்க ஒருவகை எலுமிச்சையின் இலை, நாவல் இனத்தைச் சேர்ந்த சாலாம் மரத்தின் இலை ஆகியவற்றையும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து வந்ததும் மொத்தத்தையும் கொதிக்கும் சாற்றில் கொட்டுவார்கள். ஐரோப்பியப் பாணியில் மிளகும் சாதிக்காயும் மட்டும் போட்டு இந்தோனேசியர்கள் செய்யும் சோப் என்னும் சூப்பிலிருந்து சோத்தோவைப் பிரித்துக் காட்டுவது, அரைத்து வதக்கிச் சேர்க்கப்படும் இந்த விழுதுதான்.

வெந்த கறியைச் சாற்றிலேயே விட்டுவைப்பதில்லை. வெளியே எடுத்து, பல ஊர்களில் எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, நாராகக் கிழித்தோ சிறு துண்டுகளாக நறுக்கியோ தனியே வைத்துவிடுகிறார்கள். கிண்ணத்தில் முதலில் விழுபவை உலர்ந்த பொருள்களே. முளைகட்டிய பயறு, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், பயற்று மாவில் செய்த கண்ணாடி போன்ற சேமியா, அவற்றின்மேல் கறி, பாதியாக வெட்டிய அவித்த முட்டை ஆகியவற்றை அடுக்கியபின், கொதிக்கும் சாற்றைக் கரண்டியால் மொண்டு ஊற்றுவார்கள். பயறும் கோஸும் அந்தச் சூட்டிலேயே பாதி வெந்து, கடிக்கையில் நறுக்கென்ற தன்மையை இழக்காமல் இருக்கும். மேலே பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், செலரி இலை, வெங்காயத்தாள் ஆகியவற்றைத் தூவினால் கடைக்காரரின் வேலை முடிந்தது.

உண்பவரின் வேலை அதன்பிறகுதான் தொடங்குகிறது. மேசையில் சம்பல் என்னும் மிளகாய் விழுது, சிறு எலுமிச்சைத் துண்டுகள், கெச்சாப் மானிஸ் என்னும் இனிப்பான சோயா சாறு, உப்பு ஆகியவை காத்திருக்கும். அவரவர் நாவுக்கு ஏற்றபடி கலந்துகொள்ளலாம் என்றாலும், முதல் கரண்டியை எதுவும் சேர்க்காமல் பருகிப் பார்ப்பதே சாற்றுக்குச் செய்யும் மரியாதை என்று நான் கருதுகிறேன். கெச்சாப் மானிஸைத் தாராளமாக ஊற்றிவிட்டால் எந்த ஊர்ச் சோத்தோவும் ஒரே சுவைக்கு வந்துவிடும். சோற்றைப் பொறுத்தவரை, கிண்ணத்துக்குள்ளேயே போட்டுத் தருவதா, தனித் தட்டில் தருவதா என்று கடையில் கேட்பார்கள். சில ஊர்களில் சோற்றுக்குப் பதிலாகத் தென்னங்குருத்தோலையில் பின்னிய கூட்டுக்குள் அரிசியை இட்டு அவித்த கெத்துப்பாட்டையோ, வாழையிலையில் சுருட்டி அவித்த லொந்தோங்கையோ நறுக்கிப் போடுவார்கள்.

வடகரையில் தொடங்கி

சோத்தோவின் மூலம் ஜாவாவின் வடகரைத் துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர்களின் குடல் சூப்பாக இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களிடையே பரவலாக உள்ள கருத்து. 19ஆம் நூற்றாண்டின் செமாராங் நகரத்தை இதற்கான களமாகச் சுட்டுகிறார்கள். சேமியாவும் சோயாவும் பொரித்த பூண்டும் சீனத் தொடர்பைக் காட்டுகின்றன. மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் அரத்தையும் உள்ளூர்ச் சமையலிலிருந்து வந்தவை. பன்றிக்கறியை உண்ணாத ஜாவானிய முஸ்லிம்களிடம் வந்து சேர்ந்தபோது, மாடும் எருமையும் கோழியும் அதன் இடத்தைப் பிடித்தன.

இந்த உணவு இவ்வளவு தூரம் பரவியதற்கு அதை விற்றவர்களின் கால்களும் ஒரு காரணம். தோளில் ஒரு மூங்கில் கம்பு, அதன் ஒரு முனையில் அடுப்போடு கூடிய சாற்றுப் பானை, மறுமுனையில் கிண்ணங்களும் சோறும் காய்களும் அடங்கிய பெட்டி என்று காவடி சுமந்து தெருத்தெருவாகச் சென்றவர்கள் அவர்கள். சாற்றை மட்டும் சூடாக வைத்திருந்து, மற்ற அனைத்தையும் உலர்ந்த நிலையில் சுமந்து சென்று, கேட்டவுடன் கிண்ணத்தில் சேர்க்கும் முறை அத்தகைய விற்பனைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. செமாராங், குடூஸ் ஊர்களின் பெயர்கொண்ட சில கடைகளில் இன்றும் அந்த மரக் காவடிப் பெட்டியை வாசலில் வைத்து, அதன் பின்னாலிருந்தே பரிமாறுகிறார்கள்.

வடகரையிலேயே உள்ள பெக்காலோங்கான், தெகால் ஆகிய ஊர்களில் சாற்றில் தௌச்சோ என்னும் நொதித்த சோயா விழுதைச் சேர்க்கிறார்கள். பெயரும் தவுத்தோ, சவுத்தோ என்று திரிந்துவிடுகிறது. அந்த விழுதின் உப்பும் புளிப்பும் கலந்த மணம் பழகுவதற்கு முன் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். சற்று உள்நாட்டில், பன்யுமாஸ் பகுதியின் சொக்கராஜாவில், கெத்துப்பாட் போட்டுச் சாறு ஊற்றிய கிண்ணத்தில் நிலக்கடலைச் சம்பலைக் கரைத்து, வண்ண வண்ண அப்பளங்களை நொறுக்கிப் போட்டு உண்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் ஸ்ரோத்தோ.

குடூஸ் நகரத்துச் சோத்தோவைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அது உள்ளங்கையில் அடங்கும் சிறு கிண்ணத்தில் சோற்றோடு சேர்த்தே பரிமாறப்படுகிறது. பசியோடு வருபவர் இரண்டாவது கிண்ணம் கேட்பது இயல்பு. அதில் கோழியும் உண்டு, ஆனால் அந்த ஊரின் அடையாளம் எருமைக்கறி. 16ஆம் நூற்றாண்டில் அங்கே இஸ்லாத்தைப் பரப்பிய சுனான் குடூஸ், பசுவைப் புனிதமாகக் கருதிய அப்பகுதி இந்துக்களின் மனம் புண்படக் கூடாது என்பதற்காக, பசுக்களை அறுக்க வேண்டாம் என்று தம்மைப் பின்பற்றியவர்களைக் கேட்டுக்கொண்டதாக மரபு கூறுகிறது. 1549இல் கட்டப்பட்ட அவருடைய பள்ளிவாசலின் கோபுரமும் ஜாவானிய இந்துக் கோயிலின் வடிவில் செங்கல்லால் எழுப்பப்பட்டு இன்றும் நிற்கிறது. அந்த வேண்டுகோளை மதித்து மாட்டுக்குப் பதில் எருமையைப் பயன்படுத்தும் வழக்கம் குடூஸின் சமையலறைகளில் தொடர்கிறது.

கிழக்கு ஜாவாவுக்குப் போனால் மஞ்சள் தூக்கலாகிறது. சுரபாயாவுக்கு மேற்கே உள்ள லாமோங்கான் மாவட்டத்துச் சோத்தோதான் முதல்முறை சுவைக்கிறவருக்கு நான் பரிந்துரைப்பது. ஏனென்றால், அதன் மஞ்சள் சாற்றில் மசாலாக்களின் மணம் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். பாலோ தேங்காயோ எதையும் மூடி மறைப்பதில்லை. அதற்கே உரிய ஒரு பொருள் கோயா என்னும் தூள். பொரித்த இறால் அப்பளத்தையும் பொரித்த பூண்டையும் சேர்த்து இடித்தால் வெளிர்மஞ்சள் நிறத்தில் மணல் போன்ற தூள் கிடைக்கும். அதை ஒரு கரண்டி எடுத்துச் சாற்றின்மேல் தூவினால் சில நொடிகள் குவியலாக நின்று, பின்னர் ஓரங்களிலிருந்து ஈரம் ஏறி மெல்லக் கரையும். தெளிந்திருந்த சாறு கலங்கிச் சற்றுத் திரளும். இறாலின் இனிப்பான உப்புச் சுவையும் பூண்டின் மணமும் எழும். முழுவதும் கரைவதற்குள் உண்டால் ஒரு சுவை, கரைந்தபின் உண்டால் இன்னொரு சுவை. பிழைப்புக்காக நாடெங்கும் சென்ற லாமோங்கான்காரர்கள், கையால் வரைந்த பெரிய துணித் தட்டிகளைத் தொங்கவிட்ட கூடாரக் கடைகளில் இதை விற்பதால், இந்தோனேசியாவின் பெரும்பாலான நகரங்களில் இது எளிதாகக் கிடைக்கிறது. அருகிலுள்ள மதூரா தீவின் சோத்தோவும் மஞ்சள்தான். ஆனால் அதில் மாட்டுக்கறியும் உள்ளுறுப்புகளும் முன்னிற்கும்.

மேற்கு ஜாவாவின் மலை நகரமான பாண்டுங்கில் மஞ்சளே இல்லை. வெள்ளை முள்ளங்கியை வட்டமாக அரிந்து போட்ட தெளிந்த மாட்டுச் சாறு. மேலே பொரித்த சோயா பீன்ஸ். முள்ளங்கியின் இனிப்பு கொழுப்பைத் தணித்துவிடுவதால், சோத்தோ வகைகளில் வயிற்றுக்கு இதமானது இதுவே. போகோரில் மஞ்சள் நூடுல்ஸும், காய் அடைத்துப் பொரித்த சுருளை வெட்டிய துண்டுகளும், தக்காளியும், மாட்டுக்காலின் தசைநாரும் கிண்ணத்தில் சேர்ந்து அது ஒரு முழு விருந்தாகிவிடுகிறது.

ஜகார்த்தாவின் பூர்வ குடிகளான பெத்தாவி மக்களின் சோத்தோ இவற்றிலிருந்து வெகுவாக விலகியது. தேங்காய்ப்பாலிலோ பசும்பாலிலோ, பல கடைகளில் இரண்டும் கலந்தோ, மாட்டுக்கறியையும் நுரையீரல், குடல், இரைப்பை ஆகியவற்றையும் சேர்த்துச் செய்வது. நெய் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அரபு, இந்திய வணிகர்கள் வந்து தங்கிய துறைமுகத்தின் சமையலில் நெய் இருப்பதில் வியப்பில்லை. தக்காளி, பொரித்த உருளைக்கிழங்கு, மெலிஞ்சோ விதையைத் தட்டிப் பொரித்த சற்றுக் கசப்பான எம்பிங் அப்பளம் ஆகியவை மேலே வரும். அந்தக் கசப்பு இல்லாவிட்டால் இந்தச் சோத்தோ பாதிக் கிண்ணத்திலேயே திகட்டிவிடும்.

ஜாவாவுக்கு வெளியே

தெற்கு சுலவேசியின் மக்காசார் நகரத்தில் இதன் பெயர் ச்சோத்தோ. இங்கே சாற்றுக்கு அடிப்படை வெறும் நீர் அன்று, அரிசி களைந்த நீர். நம் கிராமங்களில் குழம்புக்குக் கழுநீர் சேர்ப்பதைப் போலவே, அந்த மாவுச்சத்து சாற்றுக்கு உடலைத் தருகிறது, உள்ளுறுப்புகளின் வாடையையும் குறைக்கிறது. அதில் மாட்டின் கறி, இதயம், கல்லீரல், குடல் எல்லாம் வேக, வறுத்து அரைத்த நிலக்கடலை சேர்ந்து சாறு கெட்டிப்படுகிறது. இதற்கு நாற்பது மசாலாக்கள் வேண்டும் என்று மக்காசார் மொழியில் ஒரு வழக்கு உண்டு. எல்லாச் சமையலறையிலும் நாற்பதையும் எண்ணிப் போடுகிறார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. மசாலாவில் கஞ்சத்தனம் கூடாது என்பதே அதன் பொருளாக இருக்க வேண்டும். கடையில் எந்தெந்த உறுப்பு வேண்டும் என்று சொன்னால் அதை மட்டும் நறுக்கிச் சிறு கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். மேசையில் கெத்துப்பாட் குவிந்திருக்கும், எடுத்து உண்பதற்குக் கணக்குப் பின்னர்தான். அதே மாகாணத்தின் ஜெனெபொந்தோ மாவட்டத்தில் குதிரைக்கறியிலும் ச்சோத்தோ செய்கிறார்கள்.

தெற்கு களிமந்தானின் பஞ்சார்மாசின் ஆறுகளின் நகரம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மிளகு வாங்கச் சீனரும் ஐரோப்பியரும் கப்பல் கட்டி வந்த துறைமுகம் அது. அந்த ஊரின் பஞ்சார் சோத்தோவில் மஞ்சள் இல்லை. பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, சாதிக்காய் ஆகியவை கோழிச் சாற்றில் மணக்கும். பிரியாணி மணம் அறிந்த மூக்குக்கு இந்தச் சோத்தோ உடனே பிடித்துவிடும். சாறு லேசாக வெளுத்திருக்கும், ஏனெனில் அவித்த முட்டையின் மஞ்சள்கருவையோ பாலையோ அதில் கரைக்கிறார்கள். வாத்து முட்டையும், பெர்கெடெல் என்னும் உருளைக்கிழங்கு வடையும், கெத்துப்பாட்டும் உடன் வரும். கெத்துப்பாட்டுக்குப் பதில் சோறு கேட்டால், அதே சாற்றையே அங்கே சோப் என்று பெயர் மாற்றிச் சொல்வார்கள். மிதக்கும் சந்தைகளில் படகிலேயே அடுப்பு மூட்டி இதை விற்பவர்களும் இருக்கிறார்கள்.

மேற்கு சுமத்ராவின் பாடாங் நகரத்தார் வேறொரு உத்தியைக் கையாள்கிறார்கள். வெந்த மாட்டுக்கறியை மெல்லிய வில்லைகளாக அரிந்து, மொறுமொறுவென்று ஆகும்வரை எண்ணெயில் பொரித்து, தெளிந்த சாற்றின்மேல் கடைசியாகப் போடுவது அது. சாற்றில் ஊறும் முன்பே உண்டுவிட வேண்டும். பேசிக்கொண்டிருந்தால் கறியின் அழகு போய்விடும். இளஞ்சிவப்பு அப்பளம் ஒன்று எப்போதும் கிண்ணத்தின்மேல் நிற்கும்.

வடக்கு சுமத்ராவின் மேடானில் தேங்காய்ப்பால் மீண்டும் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் டெலி என்னும் சுற்றுவட்டாரத்தின் புகையிலைத் தோட்டங்களுக்காக வளர்ந்த இந்த நகரத்துக்குச் சீனரும் ஜாவானியரும் தமிழரும் தொழிலாளர்களாக வந்து சேர்ந்தார்கள். தமிழர்கள் வாழ்ந்த பகுதி இன்று கம்போங் மதராஸ் என்று வழங்கப்படுகிறது. மேடான் சோத்தோ மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கறிக் குழம்பின் பக்கத்தில் வந்து நிற்கும். கோழி, மாடு, இறால் எனப் பொரித்து எடுத்த எதையும் அதில் போட்டுத் தருவார்கள்.

எல்லாச் சூப்பையும் சோத்தோ என்று எண்ணிவிடக் கூடாது. கிழக்கு ஜாவாவின் ராவோன் கருநிறமாக இருப்பது, நச்சுத்தன்மை நீக்கப்பட்ட கெலுவாக் என்னும் கொட்டையினால். அது தனிக் குடும்பம். புளி சேர்த்துக் காய்களைக் கொதிக்கவைக்கும் சாயுர் ஆசெம், மாட்டுவாலில் செய்யும் சோப் புந்துட் ஆகியவையும் அப்படியே. அடுக்கிவைத்துச் சாறு ஊற்றும் முறை அவற்றில் இல்லை.

ஜாவானியர்கள் போன இடமெல்லாம் சோத்தோவும் போயிருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அழுத்திய சோற்றுக் கட்டியும் உருளைக்கிழங்கு வடையும் சேர்ந்த கோழிச் சோத்தோ மலாய்க் கடைகளில் கிடைப்பதால், அங்குள்ள தமிழர்களுக்கு இது புதிதன்று. 1890 முதல் டச்சுக்காரர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகத் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கொண்டுசென்ற ஜாவானியர்களின் வழித்தோன்றல்கள், சவோத்தோ என்ற பெயரில் அதை இன்றும் விற்கிறார்கள்; தீக்குச்சி போல் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு அதன் மேற்பூச்சு. இலங்கை நிலைமை சற்று வேறு. டச்சுக் காலத்தில் வந்த மலாய்ச் சமூகத்தார் சோத்தோவில் போடும் அதே மாட்டிரைப்பையை, பாபத் என்ற பழைய பெயர் மாறாமல், கறியாக்கிப் பிட்டோடு உண்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் லாமோங்கான் வகையிலிருந்து தொடங்கலாம். நான்கு பேருக்கு முக்கால் கிலோ நாட்டுக்கோழியும் இரண்டு லிட்டர் நீரும் போதும். கெமிரிக்குப் பதிலாக நான்கைந்து முந்திரியை அரைக்கலாம். சாலாம் இலை கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், பிரிஞ்சி இலையைப் போட்டால் மணம் வேறு திசைக்குப் போய்விடும். எலுமிச்சைப்புல்லை மட்டும் தவிர்க்கக் கூடாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த புல்லைவிடப் பச்சைத் தண்டே சிறந்தது. அரத்தையில் ஒரு விரல் அளவுக்கு மேல் வேண்டாம். கோயாவுக்குக் கடையில் விற்கும் இறால் அப்பளத்தைப் பொரித்து, ஐந்தாறு பல் பூண்டை மெல்லியதாகச் சீவி மிதமான சூட்டில் பொன்னிறமாகப் பொரித்து, இரண்டும் நன்றாக ஆறியபின் இடித்துக்கொள்ளுங்கள். பூண்டு சற்றுக் கருகினாலும் தூள் முழுவதும் கசந்துவிடும் என்பதால், நிறம் மாறத் தொடங்கியவுடனேயே எண்ணெயிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.